'கவனமா இரு'ன்னு சொன்னா போதாது, ஒரு ஸ்டாப் செஞ்சு மாட்டுங்க

லேத் பட்டறை வச்சிருக்கவங்க, ஆசைக்கு வீட்டுல சின்ன லேத் வாங்கிப் போட்டவங்க, ரெண்டு பேருக்கும் இந்தப் பதிவு. டாக்டருக்கு லேத்துல என்ன வேலைன்னு கேட்காதீங்க. லேத்துல அடிபட்ட விரல் எங்ககிட்டதானே வருது.

எப்படி ஆச்சுன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒரு செகண்ட் கவனிக்கல சார்." கூட வர்ற முதலாளியும், "கவனமா இருடான்னு எத்தனை தடவை சொல்றது"ம்பார். இதை நான் ஒத்துக்கறதே இல்லை. காலையிலிருந்து ஒரே அளவு புஷ் கடைஞ்சுக்கிட்டிருக்கிற மனுஷனுக்குக் கவனம் சிதறத்தான் செய்யும். மூளையோட இயல்பு அது.

ஆபரேஷன் தியேட்டர்ல நாங்க வெறும் கவனத்தை நம்பி இருக்கிறதில்லை. மயக்க மருந்து மெஷின்ல ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டுற இடத்துல 2, 5ன்னு ரெண்டு இடத்துல பின் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. சிலிண்டர் வால்வுல துளையும் அதே கணக்குலதான். அதனால மாத்தி மாட்டினா உட்காராது. ராத்திரி மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல மாட்டினாலும் அதே கதைதான்.

லேத்துல அந்தப் பின்னோட வேலையைச் செய்யறது கேரேஜ் ஸ்டாப். டூலைச் சுமந்துக்கிட்டு பெட் மேல நகர்ற கேரேஜ், நீங்க குறிச்ச இடத்துல முட்டி நிக்கும். ஸ்டாப் இல்லைன்னா கண்ணால அளவு பார்த்துக்கிட்டேதான் சக்கரத்தைச் சுத்தணும். கொஞ்சம் கூடிப்போனா டூல் போய் சக் தாடையில மோதும். டூல் உடையும், சில சமயம் ஜாப்பே பிடி விட்டுப் பறக்கும். இன்னொண்ணும் இருக்கு. அளவு தெரியணும்னு முகத்தை ஜாப் கிட்ட கொண்டு போறோம் பாருங்க, சீவல் கண்ணுல பாயறதுக்கு அது தோதாப் போயிடும்.

பொம்மையார்பாளையம் மாதிரி மீனவ ஊர்னா படகு எஞ்சினுக்கு புஷ், ஷாஃப்ட் வேலை. பக்கத்துல ஆரோவில்ல ஆரெகா பட்டறை, மண் கல் அழுத்துற ஆரம் 3000 மெஷினையே செய்யுது. ஒரே அளவுல பத்து பீஸ் கடையணும்னா ஸ்டாப் நேரத்தையும் மிச்சப்படுத்தும். பாதுகாப்புன்னு சொன்னா காதுல வாங்காத முதலாளிகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. ரெண்டு பேர் வேலை பார்க்கிற பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் வந்து சொல்லப் போறதில்லை.

செலவு? ஸ்கிராப்புல கிடக்கிற ரெண்டு துண்டு மைல்ட் ஸ்டீல். மேல் கட்டையோட அடியில, பெட்டோட முன்பக்க 'வி' மேட்டுல உட்கார்ற மாதிரி ஒரு பள்ளம். மில்லிங் மெஷின் வேண்டாம். ரம்பத்தால வெட்டி, நீல மை தடவி, ஒட்டுற இடத்தை அரத்தால ராவிக்கிட்டே வரலாம். கீழே ஒரு பட்டை. ரெண்டும் பெட்டைக் கவ்வற மாதிரி போல்ட் போட்டு முறுக்குங்க. கேரேஜைப் பார்த்த பக்கம் கட்டையில நீளவாக்குல துளை போட்டு எம்6 டேப் அடிச்சு, ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும். சாதா எம்6 மரைக்கு பிட்ச் 1 மி.மீ.; கால் சுத்து சுத்தினா 0.25 மி.மீ. நகரும்.

மாட்டினதும் உடனே ஸ்விட்ச் போடாதீங்க. கேரேஜை ஸ்டாப்புல முட்ட வச்சு, சக்கைக் கையால ஒரு முழுச் சுத்து சுத்திப் பாருங்க. தாடை எதுலயும் உரசக்கூடாது. ஸ்டாப் கேரேஜைத்தான் நிறுத்தும். மேல இருக்கிற காம்பவுண்ட் ஸ்லைடைத் திருகினா டூல் இன்னும் முன்னால போகும், அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆட்டோ ஃபீட் போட்டு ஸ்டாப்புல மோத விடறது கூடவே கூடாது. ஸ்டாப் நகர்ந்துடும், இல்லைன்னா லீட் ஸ்க்ரூவோ கியரோ அடி வாங்கும். கொஞ்சம் முன்னாடியே ஃபீடை எடுத்துட்டு மீதியைக் கையால கொண்டு போங்க.

ஸ்க்ரூ முனையில 0.2 மி.மீ. சீவல் ஒட்டியிருந்தா அளவும் 0.2 மி.மீ. தப்பும். மெஷினை நிறுத்திட்டு, பிரஷ்ஷால தள்ளுங்க. விரலால வேண்டாம்.