மாரிக்குப்பம் ரயிலின் முன்னாள் மாணவர்கள்

பெங்களூருவின் நட்சத்திர விடுதிகளில் வார இறுதிகளில் முன்னாள் மாணவர் சந்திப்புகள் தவறாமல் நடக்கின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கூடும் வகுப்புத் தோழர்கள் எந்த நிறுவனம், என்ன பதவி, எத்தனை பிள்ளைகள், சொந்த வீடா வாடகை வீடா என்று விசாரித்துக் கொள்கிறார்கள். ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்களுக்கு இந்த ஆவல் இயல்பானதே. ஆனால் அந்த விசாரிப்பினூடே ஓசையின்றி ஒரு தீர்ப்பும் எழுதப்படுகிறது. உயர்ந்தவன் தன் திறமையால் உயர்ந்தான். பின்தங்கியவன் தன் சோம்பலால் பின்தங்கினான் என்பதே அத்தீர்ப்பு. பின்தங்கியவர்கள் இத்தகைய சந்திப்புகளுக்கு வருவதே இல்லை என்பதால் அதை மறுத்துப் பேசவும் ஆளில்லை.

இத்தீர்ப்பு எவ்வளவு பொய்யானது என்பதை அறிய விரும்புவோர், விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருவுக்குப் புறப்படும் ரயிலைப் பார்க்கட்டும். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று கோலார் தங்கவயலின் பழைய சுரங்கப் பகுதிகளின் பெயர்களைத் தாங்கிய நிலையங்களில் நின்று, பங்காருப்பேட்டை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து அது நகரை அடைகிறது. காவலாளிகள், துப்புரவுத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள், கட்டுமானத் தொழிலாளர்கள், அலுவலக எழுத்தர்கள் என ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இப்படிப் போய்வருகிறார்கள். அவர்களில் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஆண்டுக்கொரு சந்திப்பு தேவைப்படுவதில்லை. ஒப்பந்த நிறுவனம் மாறியது, இஎஸ்ஐ அட்டை வராதது, மகளின் கல்லூரிக் கட்டணம், சுரங்கத் தூசி தின்ற தந்தையின் நுரையீரல் ஆகியவையே ரயில் பெட்டியில் பரிமாறப்படும் செய்திகள்.

இவர்கள் யாருடைய பிள்ளைகள்? 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தலித் மக்களின் வழித்தோன்றல்கள். வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் வாய்த்த அந்தக் 'குட்டி இங்கிலாந்தில்', தொழிலாளர்க்குக் கிடைத்தவை லைன் வீடுகள் எனப்பட்ட குச்சுகள். 1902-லேயே சிவசமுத்திரம் நீர்மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்தது. அது தொழிலாளியின் குச்சுக்குள் எட்டிப் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று. அங்கே உரிமை எதுவும் தானாக வரவில்லை. செங்கொடியின் கீழ் அணிதிரண்ட தொழிலாளர்கள் மீது 1946 நவம்பர் 4 அன்று காவல்துறை சுட்டதில் ஆறு பேர் உயிர் நீத்தனர். பின்னர் சுரங்கம் பொதுத்துறையானது. ஊதியமும் மருத்துவமனையும் பள்ளியும் ஓரளவு உறுதிப்பட்டன. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைத்தவரின் பிள்ளை பத்தாம் வகுப்பைக் கடக்க முடிந்தது அப்போதுதான்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை வாஜ்பாய் அரசு மூடியது. அந்த ஆண்டு தங்கவயல் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பில் இருந்த மாணவர்களை எண்ணிப் பாருங்கள். கணக்கில் நூறு வாங்கியவனின் வீட்டிலும் முப்பத்தைந்து வாங்கியவனின் வீட்டிலும் ஒரே நாளில் சம்பளம் நின்றது. இதில் திறமைக்கு என்ன வேலை? எவன் வீட்டில் வேறொரு வருமானம் இருந்ததோ அவன் கல்லூரிக்குப் போனான். மற்றவன் ரயிலேறினான்.

சுரங்கம் நட்டத்தில் ஓடியதே என்பார்கள். ஆழம் கூடியதும் தாது மெலிந்ததும் உண்மைதான். ஆனால் அன்று உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே இருந்தது. 2025-ல் அது 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்து விலையை வைத்து ஒரு நகரத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தவர்கள், நூற்றாண்டுக்கும் மேலாக அந்த மண்ணிலிருந்து போன சுமார் 800 டன் தங்கத்தை எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள்? மூடியே தீர வேண்டுமென்றாலும், மாற்றுத் தொழில் தராமல் மூட வேண்டும் என்று எந்தப் பொருளாதாரம் கட்டளையிட்டது?

இந்த மக்களுக்குத்தான் பெங்களூருவின் பெருமுதலாளிகள் உழைப்பைப் பற்றி உபதேசிக்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். பயணத்தையும் சேர்த்தால் தங்கவயலின் காவலாளி அந்த எண்ணை எப்போதோ தாண்டிவிட்டார். அவர் இன்னும் கோடீசுவரர் ஆகவில்லை. அதே நிறுவனத்தின் மற்றொரு நிறுவனரான நந்தன் நீலேகணி, தாம் படித்த மும்பை ஐஐடிக்கு 2023-ல் 315 கோடி ரூபாய் வழங்கினார். கொடை நல்லதே. எனினும் 1970-களில் அவரைப் படிக்க வைத்தது கொடையாளர் எவருமல்லர், மக்களின் வரிப்பணம். அந்த ஏணியைத்தான் ஒன்றிய அரசு இப்போது அகற்றுகிறது. ஐஐடிகளின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2016-ல் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாயிற்று. கட்டடமும் ஆய்வகமும் கட்ட, மானியத்தின் இடத்தில் உயர்கல்வி நிதி முகமையின் கடன் வந்து அமர்ந்திருக்கிறது. அரசு கைகழுவ, முன்னாள் மாணவர்கள் உண்டியல் ஏந்த வேண்டுமாம்!

விடுதியில் கூடும் ஐடி ஊழியரும் பத்திரமாக இல்லை. தொழில்துறை நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்குக் கர்நாடக அரசு, ஆட்சி மாறினாலும் மாறாமல் விலக்கு அளித்து வந்தது. 2024-ல் நாளுக்கு 14 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தமும் முன்வந்தது. கர்நாடக ஐடி ஊழியர் சங்கம் வீதிக்கு வந்து எதிர்த்தது. நேற்றுவரை தன் பதவியை அடக்கத்தோடு அறிவித்துக் கொண்டிருந்தவர், பணிநீக்கக் கடிதம் வந்த மறுநாள் வகுப்புத் தோழர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதில்லை. தோல்வி தன்னுடையது என்று அவரும் நம்ப வைக்கப்பட்டிருக்கிறார். காவலாளித் தோழனைச் சந்திப்புக்கு வரவிடாத அதே வெட்கம் இது.

தங்கவயலில் எஞ்சியிருக்கும் பெரிய பொதுத்துறை ஆலை பெமல். அதன் 26 விழுக்காடு பங்குகளை நிர்வாகப் பொறுப்போடு சேர்த்து விற்க ஒன்றிய அரசு 2021 ஜனவரியில் விருப்ப மனுக்களைக் கோரியது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்து நிற்கின்றன. அந்த ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று தங்கவயல் பள்ளிகளில் ஒரே பலகையில் அமர்ந்து படித்துக் கொண்டிருக்கிறார்கள்.