முதுகில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

மோட்டார் சைக்கிள் என்றால் அது ரஸ்தாவில் போகிற வாகனம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ரஸ்தா முடிகிற இடத்தில்தான் பிரயாணமே ஆரம்பமாகிறது என்று கருதும் யுவர்களும் யுவதிகளும் இப்போது நம் குடும்பங்களிலேயே தோன்றிவிட்டார்கள். கல்லும் மணலும் ஓடைச் சேறும் உள்ள இடமாகப் பார்த்து வண்டியை விடுகிறார்கள். இவர்கள் ஒரு நாள் வந்து, "முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை வாங்க வேண்டும், விலை சில ஆயிரம் ரூபாய்" என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "ஏன், கூஜாத் தண்ணீர் தொண்டையில் இறங்காதோ?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதே இந்த வாரத்து உத்தேசம்.

கரடுமுரடான பூமியில் மோட்டார் சைக்கிள் விடுகிறவன் ஆசனத்தில் சாய்ந்து உல்லாசமாகப் போகிறவனல்லன். பெரும்பாலும் கால்மிதிகளின் மேல் நின்றுகொண்டே போகிறான். ஒவ்வொரு குலுக்கலையும் முழங்காலும் தோளும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய மல்யுத்தம் என்றே சொல்லலாம். தலையில் ஹெல்மெட், மார்பிலும் முதுகிலும் கவசம், முழங்கால் வரை பூட்ஸ். இவ்வளவுக்கும் உள்ளே வெந்து, மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வியர்வையாகப் போய்விடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1.4 லிட்டர் இழந்தால், தேகத்தின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு போயிற்று. அந்த அளவிலேயே பலமும் கவனமும் தளரத் தொடங்கலாம் என்பது வைத்திய சாஸ்திரம் கண்டது. தாகமோ தாமதமாகத்தான் வந்து கதவைத் தட்டுகிறது. காரியாலயத்தில் கவனம் தளர்ந்தால் கணக்குப் பிசகும். மலைச் சரிவில் தளர்ந்தால் எலும்பு முறியும்.

கூஜாவுக்கு வருவோம். அது வண்டியின் பெட்டிக்குள் இருக்கிறது. குடிக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, பெட்டியைத் திறக்க வேண்டும். கூட வந்தவர்கள் அதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிடுவார்கள். ஆகையால் "அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றுகிறது. கூஜா நிறையத் தண்ணீர் இருந்தும் தொண்டை வறண்டவனாகப் பையன் போய்க்கொண்டிருப்பான். தண்ணீரைக் கொண்டு போவது வேறு, குடிப்பது வேறு. முதுகுப் பையின் பெருமை முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதுகில் ஜலம் சுமப்பது நம் தேசத்துக்குப் புதிதன்று. வடக்கே பிஹிஷ்திகள் ஆட்டுத்தோல் துருத்தியில் சுமந்தார்கள். ராஜஸ்தானத்தில் 'சாகல்' என்ற கித்தான் பையை வண்டிக்கு வெளியே தொங்கவிடுவார்கள். கசியும் ஈரம் காற்றில் ஆவியாவதால் உள்ளே தண்ணீர் ஜில்லென்றிருக்கும். வண்டியை நிறுத்தாமல் குடிக்கும் வசதி மாத்திரம் இவற்றில் இல்லை. அந்த வசதி 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில் பிறந்தது. மைக்கேல் ஐட்ஸன் என்பவர் ஆகஸ்டு மாத வெயிலில் நூறு மைல் சைக்கிள் பந்தயத்துக்குப் புறப்பட்டார். ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பினார். அதை ஒரு காலுறைக்குள் திணித்துச் சட்டையின் முதுகில் பொருத்தினார். குழாயைத் தோளின் மேல் கொண்டுவந்து துணி உலர்த்தும் கிளிப்பால் இறுக்கிக்கொண்டார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். 'காமல்பாக்' என்ற கம்பெனியே அதிலிருந்து உண்டாயிற்று.

இன்று டக்கார் என்ற பாலைவனப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் வீரர்களின் முதுகிலெல்லாம் இந்தப் பையைக் காணலாம். ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் நடந்த அந்தப் பந்தயம் 2020 முதல் ஸவூதி அரேபியாவில் நடக்கிறது. 2015-ல் பெங்களூர் வீரர் ஸி. எஸ். ஸந்தோஷ் அதை முடித்த முதல் இந்தியரானார். 2024-ல் கேரளத்து ஹரித் நோவா தமது பிரிவில் முதலாவதாகவும், எல்லோருக்கும் பொதுவான வரிசையில் 11-ஆவதாகவும் வந்தார். அவர் ஓட்டியது பிரெஞ்சுக் கம்பெனியான ஷெர்கோவும் நமது ஹோசூர் டி.வி.எஸ். கம்பெனியும் சேர்ந்து நடத்திய குழுவின் வண்டி. இந்த விஷயத்தில் நமக்குச் சற்றே கர்வம் கொள்ள இடமுண்டு.

இனிக் கடைக்குப் போவோம். பைகள் 1½, 2, 3 லிட்டர் என்று கிடைக்கின்றன. பெரியதே மேல் என்று வாங்கிவிட வேண்டாம். 3 லிட்டர் தண்ணீர் என்றால் 3 கிலோ; நின்றுகொண்டே ஓட்டுகிறவனுடைய தோளில் அது பகல் முழுதும் குதித்துக்கொண்டிருக்கும். இரண்டொரு மணி நேரப் பயிற்சிக்கு 1½ போதும். முழு நாள் பிரயாணமாய், வழியில் நல்ல தண்ணீர் அகப்படுமானால் 2. பாலைவனத்துக்கும் ஆளரவமற்ற மலைக்கும் 3.

அளவைவிட முக்கியமானது பொருத்தம். வீட்டில் சாதாரணச் சட்டையின் மேல் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆஹா, அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது" என்று மகிழ்ந்து பயனில்லை. கவசத்தையும் மேலங்கியையும் அணிந்துகொண்டு, ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். தோள்பட்டைகளை மார்பில் இணைக்கும் வார் அவசியம் இருக்க வேண்டும். இல்லாவிடில் இரண்டு பட்டைகளும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வெளிப்புறமாக நழுவும். இடுப்பு வார் இருந்தால் பாரம் தோளிலிருந்து இறங்கும். இந்த வகை ஹெல்மெட்டுக்கு மோவாயின் முன்னால் நீண்ட தாடை ஒன்று உண்டு. குழாய் அதற்கடியில் புகுந்து உதட்டுக்கு எட்ட வேண்டும். நடைப்பயணக்காரர்களுக்கென்று செய்த பைகளில் பல இந்த ஒரு பரீட்சையிலேயே தோற்றுவிடும். பெண்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் முதுகின் நீளம் குறைவாதலால், அவர்களுக்கேற்ற சிறிய பையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பையில் வேறு அறைகள் இருக்கும். அங்கேதான் ஆபத்து. ஸ்பானர், சங்கிலித் துண்டு, பம்பு எல்லாவற்றையும் பையன் அதில் போட்டுக்கொள்வான். மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கும் பாறைக்கும் நடுவில் அந்த ஸ்பானர் இருக்கும். இரும்புச் சாமான்கள் வண்டியோடு போகட்டும். முதுகில் தண்ணீரும், அதிகம் போனால் கொஞ்சம் உலர்ந்த திராட்சையும் மழைச் சட்டையும் போதும். இந்தக் காரணத்தினாலேயே அறைகள் குறைந்த பையைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

உள்பையின் வாய் அகலமாக, கை நுழையும்படி இருந்தால் கழுவுவது சுலபம். அதில் சுத்த ஜலம் தவிர வேறெதையும் ஊற்றலாகாது. சர்பத்தையோ குளுக்கோஸையோ ஊற்றினால், இரண்டு நாளில் குழாய்க்குள் பூசணம் படரும். ஆனால் பல மணி நேரம் வியர்வை கொட்டிக்கொண்டிருக்க, வெறும் தண்ணீரையே மடமடவென்று குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தனிச் சீசாவில் வைத்துக்கொண்டு, தங்கும் இடங்களில் குடிக்கலாம். பையை நிரப்பியதும் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், உள்ளே தண்ணீர் தளும்பாது. ராத்திரி பாதி நிரப்பி ஐஸ் பெட்டியில் படுக்க வைத்து, காலையில் மீதியை நிரப்பினால் மத்தியானம் வரை குளிர்ச்சி நிற்கும்.

மணாலியிலிருந்து லே போகிறவர்களுக்குச் சங்கடம் நேர்மாறானது. 16,000 அடி உயரத்தில் வியர்ப்பதே தெரியாது. வறண்ட காற்று மூச்சின் வழியாகவே ஈரத்தைக் கொண்டு போகும். காலைக் குளிரில் குழாயிலுள்ள தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை குடித்ததும் குழாயில் ஊதி, தண்ணீரைப் பைக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இந்நாட்டிலேயே தைத்த பைகள் இப்போது கிடைக்கின்றன. விலையும் அயல்நாட்டுச் சரக்கைவிடச் சகாயம். எதை வாங்கினாலும், வாயில் கடித்து உறிஞ்சும் ரப்பர் முனை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கெடுவது அதுதான். பணம் கொடுக்குமுன், கடைக்காரரிடம் பை நிறையத் தண்ணீர் கேட்டு வாங்கி, முதுகில் மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டியின் கால்மிதிகளின் மேல் எழுந்து நின்று, கையை விடாமல் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால், தெருக்கோடியில் வேறு கடை இருக்கும்.