விருந்தும் வேகமும்

கடல் கடந்து வாழ்வது தமிழருக்குப் புதிதன்று. விருந்தோம்பலும் புதிதன்று, வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், அயல்நாட்டில் வாழும் மகனோ மகளோ தம்மைக் காண வரும் பெற்றோரை எப்படிப் போற்றுவது என்பது இக்காலத்தின் கேள்வி. சிங்கப்பூரை முன்வைத்து இதனைச் சிந்திப்போம். நம்மில் பலருக்கு அங்கே அண்ணனோ அக்காவோ இருக்கக்கூடும். நாளை நாமே அங்குப் போகவும் கூடும்.

ஒரு காலத்தில் அந்தப் பயணமே மெதுவானது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேரப் பல நாட்கள் ஆகும். இன்று விமானம் நான்கரை மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. அதே வேகத்தில் ஊரையும் பார்த்து முடித்துவிட நினைக்கிறோம். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

பெரும்பாலும் நடப்பது என்ன? முதல் ஐந்து நாள் மகன் விடுப்பு எடுக்கிறான். மெர்லயன் சிலை, செந்தோசா தீவு, கரையோரப் பூந்தோட்டங்கள் என்று காலையும் மாலையும் ஓட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்குப் பார்த்ததில் பாதி மறந்துவிடுகிறது. ஆறாம் நாள் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். அதன்பின் அம்மாவுக்கு அடுப்பும் பேரக்குழந்தையும். அப்பாவுக்குப் பன்னிரண்டாம் மாடிச் சன்னல். முதல் வாரம் அவர்கள் சுற்றுலாப் பயணிகள். அடுத்த வாரங்களில் சம்பளமில்லாத வேலையாட்கள். விருந்தினராக இருந்த நாள் எது?

காட்டுவதைக் குறைத்து, உடன் வாழவிடுவதே உண்மையான விருந்து என்பது என் கருத்து. அதற்கு முதல் வேலை, கையில் ஒரு பயண அட்டையைக் கொடுத்து, போகவர வழி சொல்லித்தருவது. தமிழ் அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே இறங்கினால் தேக்கா சந்தை. கீரையும் மீனும் பார்த்து வாங்க அம்மாவைவிடத் தேர்ந்தவர் யார்? சிராங்கூன் சாலையிலேயே நடந்தால் 1855இல் தோன்றிய பெருமாள் கோயில். அப்பாவுக்கு 1935 முதல் வெளிவரும் 'தமிழ் முரசு' நாளிதழ் இருக்கிறது. நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. 1859இல் அமைந்த தாவரவியல் பூங்காவில் உலாவ நுழைவுக் கட்டணம் இல்லை.

அடுக்குமாடிகளின் கீழே திறந்து கிடக்கும் தரைத்தளத்தில் ஒரு நாள் மலாய்த் திருமணம் நடக்கும். இன்னொரு நாள் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு நடக்கும். அதே கட்டடத்தில் சில வாரம் இருந்து, எதிர்வீட்டாரிடம் சிரிக்கப் பழகியவர், பல இனத்தார் கூடி வாழ்வது எப்படி என்பதைக் கண்ணால் காண்கிறார். அந்தப் பாடம் எந்தச் சுற்றுலாப் பேருந்திலும் கிடைக்காது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? அனுமதி ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலை அனுமதிச் சீட்டில் சென்று, விடுதியில் தங்கிக் கட்டடம் கட்டும் நம் தொழிலாளர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. உயர்நிலை வேலை அனுமதி பெற்றவரும், பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைக்க வேண்டுமானால், மாதம் 12,000 வெள்ளியாவது சம்பளம் பெற வேண்டும். ஆக, பெற்றோருடன் நிதானமாக வாழும் நாட்கள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்கள், அவை சில வாரங்களே ஆனாலும், அவற்றை ஓட்டத்திலும் அடுப்படியிலும் கரைக்கலாமா?

நண்பர்களே! பட்டம் பெற்றபின் நம்முள் சிலர் கடல் கடப்போம். பெற்றோரை அழைக்கும் நாள் வரும். அன்று பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாகக் குறைப்போம். ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நாம் ஏற்போம். வேலை முடிந்து வந்ததும், "இன்று எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்போம். ஊர் திரும்பும் தாய் அண்டை வீட்டாரிடம், "என் பிள்ளை எல்லாம் காட்டினான்" என்பதைவிட, "என் பிள்ளையோடு இருந்துவிட்டு வந்தேன்" என்று சொல்வதே நமக்குப் பெருமை.