வாதியே தீர்ப்பெழுதலாமோ?

2024 ஜனவரி 24இல் ரஷ்யாவின் பெல்கொரொட் மாநிலத்தில் இராணுவ விமானமொன்று வீழ்ந்து எரிந்தது. பரிமாற்றத்துக்குக் கொண்டுசென்ற 65 உக்ரேனியப் போர்க்கைதிகள் உட்பட 74 பேர் மாண்டனர்; உக்ரேனின் ஏவுகணையே வீழ்த்தியது என்றது ரஷ்யா. அன்றைய பரிமாற்றத்தை உக்ரேன் மறுக்கவில்லை; வான்வெளியைக் காக்குமாறு தமக்கு அறிவிக்கப்படவில்லை என்றது; சர்வதேச விசாரணையும் கோரியது.

வாதியும் பிரதிவாதியும் தாமே தீர்ப்பெழுதும் வழக்கில் நீதி ஏது? ஆகாயவழி அனுப்பும் கைதிகளின் பாதுகாப்பை உறுதிசெய்யவும், புறப்படுமுன் முழுப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கவும் சிறைவைத்த அரசு கடமைப்பட்டது என 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 46ஆம் உறுப்புரையில் விதிக்கிறது. அப்பட்டியல் விமானம் எழுமுன்னரே நடுநிலையாளர் கையில் ஒப்படைக்கப்படுதல் வேண்டும். தன் மகன் அதில் இருந்தானா என்று ஏங்கும் தாய்க்கு அரசுகளின் அறிக்கைகள் விடையாகா.