வீடியோ பாத்தா புரோகிராம் வருமா?

போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான். பைத்தான் பாடம் நாற்பது மணி நேரம் வீடியோவுலயே பாத்து முடிச்சுட்டானாம். டிராயர்ல கிடந்த 2019 கரண்ட் பில்லை எடுத்துக் கொடுத்து, "இந்தக் கணக்கைப் போட ஒரு புரோகிராம் எழுதுடா"ன்னேன். "மாமா, இதுக்கு வீடியோ இருக்கா?"ங்கறான்.

அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? "முழுசா பாத்து முடி, அப்புறம் எழுதலாம்"னு சொல்றவங்களைத்தான் கேக்கணும். கெர்னிகனும் ரிச்சியும் 1978-ல எழுதின சி மொழிப் புத்தகம், முதல் அத்தியாயத்துலயே ஒரு புரோகிராமை எழுதி ஓட்ட வச்சுடும். இன்னிக்கு வீடியோ வாத்தியார்கள் பலர் தப்பே பண்றதில்ல. பண்ணினாலும் வெட்டி எறிஞ்சுடறாங்க. தப்பைப் பாக்காதவன் திருத்த எங்கேங்க கத்துப்பான்?

அன்னிக்கு ராத்திரி உக்கார வச்சேன். அப்ப முதல் 100 யூனிட் இலவசம், அதைக் கழிக்கணும். கழிக்கப் போன வரியிலேயே எரர்! கீபோர்டுல அடிக்கற எண்ணை பைத்தான் எழுத்தாத்தான் வாங்கும், நாமதான் எண்ணா மாத்தணும். வீடியோவுல நாலு தடவை பாத்த விஷயம்தான். மாத்தினான், ஓடிச்சு. நான் 80 யூனிட் போட்டேன். மைனஸ்ல பில்! மின்வாரியம் நமக்குக் காசு தரணுமாம் :-)

பன்னெண்டு மணிக்கு நான் தூங்கப் போயிட்டேன். காலைல பாத்தா, 500 யூனிட் தாண்டினா அடி ஸ்லாப் ரேட்டும் சேந்து மாறுதேன்னு அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கான்.

"மாமா, வேற பழைய பில் இருக்கா? சரியா வருதான்னு பாக்கணும்."