எருக்கலையும் நாகதாளியும்

வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைந்தால், பனைகளுக்கிடையே ஆளில்லாக் காணிகள் வரிசையாக வரும். 1991இல் நாங்கள் விட்டுச் சென்ற காணிகள் அவை. மீண்டவர் சிலர், மீளாதவர் பலர். மீளாதவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு, இப்போது காணி துப்புரவுக்குக் காசு அனுப்புகிறார்கள். நல்ல காரியந்தான். நானும் என் பங்குக்கு எங்கள் பழைய வளவைத் துப்புரவாக்கலாமென்று போயிருந்தேன்.

வேலைக்கு வந்த இளைஞர் வேலியோரத்து எருக்கலைப் பற்றையைக் காட்டினார். "ஐயா, இதெல்லாம் ஒரே புழு. மருந்தடிச்சுப்போட்டு வெட்டுவமோ?"

கிட்டப்போய்ப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியிட்ட புழுக்கள். முதுகிலே மூன்று சோடிக் கறுத்த கொம்புகள். ஐந்தாறு இலைகளில் நரம்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. பக்கத்திலே தேசிக்கன்று, செவ்வரத்தை, பூவரசு எல்லாம் நின்றன. அவற்றில் ஒன்றிலேனும் அந்தப் புழு இல்லை. "மருந்து வேண்டாம் தம்பி, அதுகள் எருக்கலையை விட்டு வேறொன்றையும் தொடாது" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கொழும்பிலிருந்து வந்த பத்திரிகைக்காரருக்குப் புழுவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பார். நியாயமான எண்ணம். நான் கலைப்பட்டதாரி. விலங்கியல் படித்தவனல்லன். ஆயினும் முப்பது வருடங்களாகச் செய்தி எழுதிய பழக்கத்தில், தெரியாததை விசாரித்து அறியும் நோய் எனக்குண்டு.

எருக்கலையின் பால் நஞ்சு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணில் படக்கூடாதென்று சிறுவயதில் அம்மா அதட்டுவார். ஆடு கூடப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் செடி. அந்தப் பாலிலுள்ள ஒருவகைப் பொருள்கள் உயிர்க்கலங்களின் சோடியம் பம்பியை அடைத்துவிடுகின்றன. அந்தப் பம்பி நின்றால் நரம்பும் நிற்கும், இதயமும் நிற்கும். அப்படியிருக்க இந்தப் புழு எவ்வாறு அதையே மூன்று வேளையும் உண்டு கொழுக்கிறது?

இதற்கான விடையை விஞ்ஞானிகள் இதன் அமெரிக்க உறவான மன்னர் வண்ணத்துப்பூச்சியிலே கண்டார்கள். அதன் சோடியம் பம்பியில், நஞ்சு வந்து ஒட்டும் இடத்திலே ஓரிரு எழுத்துகள் மாறியிருக்கின்றன. பூட்டு மாறிவிட்டதால் திறப்பு பொருந்தவில்லை. இன்னும் வியப்பானதை 2012இல் வெளியான ஆய்வுகள் சொல்லின. பாற்செடிகளை உண்கின்ற வண்டு, மூட்டுப்பூச்சி போன்ற, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பூச்சிகளிலும் அதே இடத்தில் அதே மாற்றம் தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது. 2019இல் அந்த மாற்றங்களைச் சாதாரணப் பழ ஈயின் மரபணுவிலே செய்து பார்த்தார்கள். ஈயும் நஞ்சைத் தாங்கியது.

எங்கள் வேலிப் புழு வளர்ந்தால் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியாகும். தமிழ்நாட்டில் அதற்கு வெந்தய வரியன் என்று அழகிய பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது எருக்கலை நஞ்சைத் தாங்குவதோடு நில்லாது, அதைத் தன் உடலில் சேமிக்கவும் வல்லது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிவிடும். இதைப் பார்த்து வேறொரு இனம் வேஷம் போடுகிறது. அந்த இனத்தின் பெண் மட்டும் வெந்தய வரியனைப் போலவே உடுத்தி, நஞ்சில்லாமலே நஞ்சுள்ளவள்போல் பறந்து திரியும். அரசியலிலும் இப்படிச் சிலரைக் கண்டிருக்கிறேன்.

செடி சும்மா இருக்குமா? 1964இல் அமெரிக்க விஞ்ஞானிகள் போல் ஏர்லிக், பீற்றர் ரேவன் இருவரும் எழுதிய கட்டுரையின் மையக் கருத்தே இதுதான். செடி புதிய நஞ்சொன்றை உண்டாக்குகிறது, பூச்சிகளிடமிருந்து தப்புகிறது, பல இனங்களாகப் பெருகுகிறது. பிறகு ஏதோவொரு பூச்சி அந்த நஞ்சைத் தாண்டுகிறது. போட்டியில்லாத பந்தியில் தனியே உட்கார்ந்து அதுவும் பல இனங்களாகிறது. இதை இணைக்கூர்ப்பு என்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் கூர்ப்பு என்பதைப் பரிணாமம் என்று கொள்க. எருக்கலையின் அமெரிக்க உறவினச் செடிகளை ஆராய்ந்தவர்கள் 2008இல் இன்னொன்றையும் காட்டினார்கள். நஞ்சையும் பாலையும் கூட்டிக்கொண்டே போவதை அச்செடிகளின் சில கிளைகள் கைவிட்டு, தின்ற பிறகு விரைவாகத் துளிர்ப்பதில் முதலிட்டிருக்கின்றன. எதிரியை வெல்ல முடியாதபோது இழப்பைத் தாங்கக் கற்பது. எங்கள் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானதென்பதை வீட்டுக் கொல்லையிலேயே பார்க்கலாம். தேசி, கறிவேப்பிலை, விளா, வில்வம் ஆகிய நான்கையும் பார்த்தால் ஒரு குடும்பமென்று எனக்குத் தோன்றாது. ஆனால் தேசியில் முட்டையிடும் அதே வண்ணத்துப்பூச்சி மற்ற மூன்றிலும் இடும். வந்து அமர்ந்து, முன்னங்கால்களால் இலையைச் சுவைத்துப் பார்த்துவிட்டே முடிவெடுக்கும். தாவரவியலார் நான்கையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கப் பல நூற்றாண்டுக் கல்வி தேவைப்பட்டது.

இதைப் புரியாமல் மனிதர் தலையிட்ட கதையொன்று எங்கள் பக்கமே உண்டு. அது நாகதாளியின் கதை. தமிழ்நாட்டில் சப்பாத்திக்கள்ளி என்பார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சிவப்புச் சாயம் தேவைப்பட்டது. அந்தச் சாயம் நாகதாளியில் வாழும் ஒரு செதிற்பூச்சியிலிருந்து கிடைப்பது. ஸ்பானியர் அதை மெக்சிக்கோவில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். சென்னையில் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் நாகதாளித் தோட்டமே போட்டுக் காத்திருந்தார். 1795இல் பிறேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது தவறான பூச்சி. சாயம் மட்டம். வியாபாரம் படுத்தது. ஆனால் அது ஒருவகை நாகதாளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டவர்கள் களையொழிக்கவே அதைத் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சியென்று இதையே குறிப்பிடுகிறார்கள். 1896இல் இலங்கையின் பூச்சியியலாளர் எட்வர்ட் ஏர்னஸ்ற் கிறீன் அதற்குப் பெயரிட்டபோது 'சிலோனிக்கஸ்' என்றே இட்டுவிட்டார். தென்னமெரிக்கப் பூச்சி இன்றுவரை இலங்கைப் பெயரோடு உலாவுகிறது.

கதை அதோடு முடியவில்லை. இன்னொருவகை நாகதாளி வறண்ட பகுதிகளில் பரவிக்கொண்டேயிருந்தது. சிலோனிக்கஸ் அதைத் தொடவேயில்லை. எனக்கு இரண்டு நாகதாளியும் ஒன்றுதான், பூச்சிக்கு அப்படியல்ல. அந்தச் செடியோடு பிணைந்த வேறொரு செதிற்பூச்சியை 1924இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1926இல் அது இங்கிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. சில ஆண்டுகளில் அங்கே பெரும் பரப்பில் நாகதாளி வாடி விழுந்தது. பாக்கு நீரிணையைக் கடந்து நாம் அனுப்பியவற்றில் பிரச்சினை தராத ஒன்று.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். பிணைப்பை அறிந்து கொண்டுவந்தது 1924. அறியாமல் கொண்டுவருவது இன்று. எங்கள் வேலிகளில் நின்ற முள்முருக்கையை எண்ணிப் பாருங்கள். கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்ற வேறு மரம் தேடமாட்டோம். 2004இலேதான் விஞ்ஞானப் பெயர் பெற்ற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவிலான ஒரு சிறு குளவி, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர், தைவான், இந்தியா, இலங்கை, ஹவாய் என்று பரவியது. தளிரில் முட்டையிட்டு இலையைக் கொப்புளமாக்கும். ஆபிரிக்காவில் அக்குளவியைத் தின்னும் பகைவர்கள் உண்டு. அங்குள்ள முருக்கையினங்களும் அதைப் பழகியவை. எங்கள் முள்முருக்கை அதைக் கண்டதேயில்லை. ஹவாய்க்காரர் தன்சானியாவுக்குப் போய் அதன் பகையான இன்னொரு குளவியைத் தேடிப் பிடித்து, நன்கு சோதித்து, 2008இல் விட்டார்கள்.

பப்பாசிக்கும் இதே கதை. 2008இல் மாப்பூச்சி வந்து மரங்கள் வெள்ளையடித்ததுபோல் நின்றன. 2009இல் புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து அதன் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே இலங்கையில் அது அடங்கியது. அதற்கிடையில் எத்தனை போத்தல் மருந்து அடித்தோம்! மருந்து பூச்சியையும் கொல்லும், அதன் பகைவனையும் கொல்லும். பகைவன் திரும்பிவரத் தாமதமாகும், பூச்சி தாமதிக்காது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் வெள்ளை ஈ காணப்பட்டபோது, அதன் குளவியும் அங்கே தென்பட்டதால் பூச்சிகொல்லி அடிக்க வேண்டாமென்றுதான் இந்திய விஞ்ஞானிகள் விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார்கள்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றிச் செடி கொண்டுவருவதைத் தடுக்கிறது. கட்டுநாயக்காவில் அதற்கென்று ஒரு சேவையே இருக்கிறது. ஆனால் லண்டனிலும் சென்னையிலுமிருந்து ஊருக்கு வருகிற நம்மவர் பெட்டிகளில், சேலைக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவே ஈரத்துணியில் சுற்றிய பதியன்கள் வருகின்றன. திருவிழாவுக்கு வருபவர் வளவை அழகாக்க விரும்புகிறார். அதில் தவறேது என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஓர் அடுக்குச் செவ்வரத்தைத் தடியை நான் எழுதிய பத்திரிகையிலேயே சுற்றிக் கொண்டுவந்து நட்டேன். அடுத்த மாரிக்குள் அதில் வெண்பஞ்சு போல் பூச்சி. அது பெட்டியில் வந்ததா, பக்கத்து வளவிலிருந்து வந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நாட்டின் வேளாண்மையை ஒரு செவ்வரத்தைக்காகப் பணயம் வைத்துவிட்டு, விமான நிலையத்தில் கள்ளப் பொன்னைப் பிடித்த செய்தியை மறுநாள் நான்கு பத்தியில் எழுதினேன்.

எனவே துப்புரவுக்குக் காசு அனுப்பும் சங்கங்களுக்கு இரண்டு வேண்டுகோள். செடியை ஊரிலிருந்தே எடுங்கள். யாழ்ப்பாணத்து நாற்றுமேடைகளில் இல்லாத எதுவும் புங்குடுதீவுக்கு அவசியமில்லை. புங்க மரத்தாலேயே அத்தீவு பெயர் பெற்றதென்பார்கள், அந்தப் புங்கையையே நடலாம். அதன் தளிரைத் தின்ன வண்ணத்துப்பூச்சிப் புழு வரும். வரட்டும், அது பழைய உறவு, மரம் மறுபடி தளிர்க்கும். மற்றது, எல்லாப் பற்றையையும் வழித்தெடுத்து, புழு கண்ட இடமெல்லாம் மருந்தடிக்காதீர்கள். வேலியோரத்தில் நாலு எருக்கலையாவது நிற்கட்டும்.

எங்கள் வளவில் வீட்டடியும் கிணற்றடியும் வெளித்தன. வேலியோரம் அப்படியே நிற்கிறது. அந்த இளைஞர் போன கிழமை தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எருக்கலை முழுக்க மொட்டையாப் போச்சு. ஆனா தேசியில ஒண்டும் ஏறேல்லை" என்றார். துளிர் வந்துவிட்டதா என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.