குட்டி ஜப்பானின் கடன்

சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று ஒரு பட்டம் உண்டு. ஜவாஹர்லால் நேரு சூட்டிய பட்டம் என்பார்கள். தொழில் மாநாடானாலும் சரி, பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் சரி, மேடை ஏறுகிறவர் இந்தப் பட்டத்தை ஒரு தடவையாவது உச்சரிக்காமல் கீழே இறங்குவதில்லை. திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று சுற்று வட்டாரம் முழுவதும் அந்தப் பட்டத்தின் நிழலில்தான் நிற்கிறது. எனக்கு அந்தப் பட்டத்தின் பேரில் ஒரு வழக்கு இருக்கிறது. அதை இங்கே தொடுக்கிறேன்.

ஜப்பானிடமிருந்து நாம் எதை வாங்கினோம்? முதல் உலக யுத்த காலத்தில் ஐரோப்பியத் தீப்பெட்டி வரத்துக் குறைந்தபோது, ஜப்பான் தீப்பெட்டி இந்தியக் கடைகளை நிறைத்தது. கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர் சிலர் சிறு இயந்திரங்களை வைத்துக்கொண்டு தீப்பெட்டி செய்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொட்டுக்கொண்டு பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. மழை பொய்த்த கரிசல் பூமிக்கு இந்த மூன்று தொழிலும் கஞ்சி வார்த்தன. அதை மறுக்க நான் வரவில்லை. நன்றி கெட்ட பேச்சு என் பேச்சல்ல.

ஆனால் ஜப்பான் என்கிற தேசத்தில் தொழிற்சாலை மட்டுமா இருக்கிறது? அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் பாட்டிமார் இருந்தார்கள். காகிதத்தை மடித்துக் கொக்கு செய்து காட்டத் தாய்மார் இருக்கிறார்கள். அந்த ஜப்பானை நாம் வாங்கினோமா? இல்லை. வேலையை வாங்கினோம், விளையாட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தோம். இதுதான் என் வழக்கு.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. ஜப்பான் குழந்தையின் விரல்களும் காகிதத்தைத்தான் மடித்தன. நம் குழந்தையின் விரல்களும் காகிதத்தைத்தான் மடித்தன. அங்கே மடித்தது கொக்கும் தவளையும் ஆயிற்று. இங்கே மடித்தது அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஆயிற்று. அங்கே மடித்து முடித்தால் சிரிப்பு. இங்கே மடித்து முடித்தால் எண்ணிக்கை, எண்ணிக்கைக்குக் கூலி. விடியுமுன்னே ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிக்கொண்டு போன காலம் ஏதோ புராண காலம் அல்ல. 1990-இல் சலம் பென்னூர்கர் என்பவர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’. நாம் மார்தட்டிக்கொண்ட பட்டத்தையே எடுத்து நம் முகத்தின் முன் கண்ணாடியாகப் பிடித்துவிட்டார்.

சட்டமும் வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, வீட்டுத் திண்ணையைத் திறந்துவிட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நல்லது. ஆனால் வேலையிலிருந்து விடுவித்த கையில் எதைக் கொடுத்தோம்? கோனார் உரையையும் மாதிரி வினாத்தாளையும் கொடுத்தோம்!

இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். “ஜப்பானைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களுடைய சுறுசுறுப்பு, கட்டுப்பாடு, நேரம் தவறாமை, இதையெல்லாம் பிள்ளைகள் மனத்தில் பதிகிற மாதிரி எடுத்து வையுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தாய்மாரில் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஆபீசில் குழாய் சுற்றிக்கொண்டும் திரி செருகிக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பைப் பற்றி நான் பிரசங்கம் செய்ய வேண்டுமாம்! மீன் குஞ்சுக்கு நீச்சல் வகுப்பு நடத்துகிற கதைதான். நான் ஒரு கதை சொல்லிவிட்டு இறங்கினேன். அமைப்பாளர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் சுண்டவில்லை.

ஜப்பான் என்றால் கட்டுப்பாடு என்று பேசுகிற பெரியவர்களை ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் கொண்டாடிப் படிக்கிற ஜப்பானியப் புத்தகம் எது? ‘டோட்டோ சான்’. தெத்சுகோ குரோயானாகி 1981-இல் வெளியிட்டது; தமிழிலும் வந்து பல பதிப்புக் கண்டது. அதன் கதாநாயகி யார்? வகுப்பில் அடங்கி உட்காரத் தெரியாததற்காக ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி! கட்டுப்பாட்டுக்காகக் கதையைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அந்தத் தேசமே காட்டியிருக்கிறது. பீச் பழத்திலிருந்து பிறந்த மோமோத்தாரோ, நாயையும் குரங்கையும் பறவையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போகிற கதை அங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரியும். யுத்த காலத்தில் அந்தப் பையனுக்குப் படை உடுப்பு மாட்டினார்கள். 1945-இல் கடற்படை அவனை வைத்து முழுநீளச் சித்திரப் படமே எடுக்க வைத்தது. பாட்டியின் கதையைப் பட்டாளத்துக்குக் கொடுத்தது மாதிரிதான், அதைப் பண்டக சாலைக்குக் கொடுப்பதும்.

இனி, எதிர்க் கட்சிக்காரர்களின் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபம் எப்போதும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, நம்ம பிள்ளைகளுக்கு நம்ம கதையே தெரியாது. இதிலே ஜப்பான்காரன் கதை எதுக்கு?”

நம் கதை, அவர்கள் கதை என்று கோடு கிழிக்கிறவர்கள் கொஞ்சம் நிலாவைப் பார்க்கட்டும். நமக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். ஜப்பான் குழந்தைக்கு அதே நிலாவில் ஒரு முயல் உலக்கை பிடித்து அரிசிப் பலகாரம் இடிக்கிறது. அந்த முயல் எங்கிருந்து போயிற்று? விருந்தாளிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன்னையே நெருப்பில் போட்டுக்கொண்ட ஜாதகக் கதை முயல்தான் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஜப்பானில் தொகுத்த ‘கொஞ்ஜாக்கு’ என்ற பெரிய கதைக் களஞ்சியத்தில் முதல் ஐந்து பகுதிகள் இந்தியக் கதைகளே. முதலையும் குரங்கும் கதை நமக்குத் தெரியும். ஈரலை மரத்திலே விட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பிய அதே குரங்கு ஜப்பானிலும் இருக்கிறது. அங்கே ஏமாந்தது சொறிமீன். உளறிக் கொட்டியதற்காக அதை அடித்த அடியில் எலும்பே இல்லாமல் போயிற்றாம்! தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தள்ளினால் எழுந்துகொள்கிற மாதிரி, அங்கே தருமா பொம்மையும் எழுந்துகொள்ளும். அந்தத் தருமா வேறு யாருமல்ல, தென்னாட்டிலிருந்து போனதாகச் சொல்லப்படும் போதிதருமர்தான். கதை போனால் வருகிறது, வந்தால் போகிறது. பிள்ளைக்கு ஜப்பான் முயலைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷம் அதுவாகவே வடைப் பாட்டியை இழுத்து வரும். அயலார் கதை நம் கதையை விரட்டாது, எழுப்பும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சயாம் மரண ரயில் பாதையில் மலேயாத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் பலி கொண்ட ஜப்பானின் கதையா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரயில் பாதை போட்டது ராணுவம். கதை கட்டியது குளிருக்கு அடுப்படியில் ஒதுங்கிய ஏழைக் குடியானவன். இருவரையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நான் விழாவில் சொன்ன கதை உரஷிமா தாரோவின் கதை. ஓர் ஆமையைக் காப்பாற்றிய செம்படவன், அதன் முதுகில் ஏறிக் கடலடி அரண்மனைக்குப் போகிறான். சில நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறவன் கையில், ‘திறக்காதே’ என்று சொல்லி ஒரு பெட்டியைக் கொடுக்கிறாள் இளவரசி. ஊரிலோ முந்நூறு வருஷம் கழிந்துவிட்டது. தெரிந்த முகம் ஒன்றில்லை. துயரம் தாளாமல் பெட்டியைத் திறக்கிறான். வெண்புகை எழுகிறது. அந்தக் கணமே தொண்டு கிழவனாகிறான். கதை அவ்வளவுதான். “பெட்டி, புகை என்று இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? முதலிப்பட்டி விபத்தை மறந்துவிட்டீர்களா?” என்று ஓர் உபாத்தியாயர் பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி அந்த ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நான் மறக்கவில்லை. பிள்ளைகளும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்ல வேண்டும் என்கிறேன். இந்த வட்டாரத்துப் பிள்ளை வெடிச் சத்தம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பதில்லை. அம்மா போன திசையைப் பார்க்கிறது. அந்தப் பயத்தைப் பற்றி அதனிடம் யார் பேசுகிறார்கள்? நிவாரணத் தொகையை அறிவிக்கிறவர்களா? கதைதான் பேசும். புகையைப் பற்றி, திரும்பி வந்தவனுக்கு ஊர் இல்லாமல் போனதைப் பற்றி, யாரையும் பயமுறுத்தாமல் பேசும். பெட்டி ஒட்டி ஒட்டியே பத்து வயதில் கிழவர்களான உரஷிமாக்கள் இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாரிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. கண்ணியில் மாட்டிய கொக்கை ஒரு கிழவர் விடுவிக்கிறார். பனி கொட்டுகிற இரவில் ஒரு பெண் வந்து மகளாகத் தங்குகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு நெய்கிறாள். அதிசயமான துணி வருகிறது, நல்ல விலை போகிறது. எட்டிப் பார்க்காதே என்று சொல்லியும் ஒரு நாள் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே ஒரு கொக்கு தன் இறகைத் தானே பிடுங்கித் தறியில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஜப்பான்காரன் பட்டாசை ‘நெருப்புப் பூ’ என்கிறான். நாமும் மத்தாப்பு என்ற சொல்லை மத்தாப்பூ என்று எழுதிப் பூவாக்கிவிட்டோம். தீபாவளி இரவில் அந்தப் பூவைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், சாத்திய கதவுக்குப் பின்னால் பிடுங்கப்படும் இறகைப் பார்ப்பதில்லை. இந்தக் கதை வெம்பக்கோட்டைப் பிள்ளைக்கு அந்நியம் என்று யார் சொன்னது?

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஜப்பானில் 1930 வாக்கில் காமிஷிபாய் என்று ஒரு தெருக்கலை பெருகிற்று. காகித நாடகம் என்று பொருள். மிட்டாய்க்காரர் சைக்கிளில் ஒரு சின்ன மரச் சட்டத்தை வைத்துக்கொண்டு வருவார். கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டுவார். மிட்டாயை விற்றுவிட்டு, சட்டத்தில் படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லுவார். நம் ஊரில் மூங்கில் கழி உச்சியில் கைதட்டும் பொம்மையோடு ஜவ்வு மிட்டாய்க்காரர் வந்து, கையில் மிட்டாய்க் கடிகாரம் கட்டிவிடுவாரே, அவருக்குக் கதை சொல்லத் தெரிந்திருந்தால் எப்படியோ அப்படி. டெலிவிஷன் வந்து அந்தத் தெருக்கலையை ஒழித்தது. ஆனாலும் அங்கே பள்ளிகளிலும் நூலகங்களிலும் அது பிழைத்துக் கிடக்கிறது. இந்தியா முழுவதுக்கும் காலண்டரும் டைரியும் அடிக்கிற சிவகாசிக்கு, ஒரு கதைக்குப் பதினைந்து படம் அட்டையில் அடித்துச் சொந்தத் தாலுகாப் பள்ளிகளுக்குக் கொடுப்பது பெரிய காரியமா? ஓரம் வெட்டிக் கழித்த தாளைக் கட்டுக் கட்டாகப் பிள்ளைகள் கையில் கொடுப்பது நஷ்டமா? அச்சக முதலாளிகளை நான் தர்மம் கேட்கவில்லை. கடனைத் திருப்பிக் கேட்கிறேன்.

ஆனால் மூன்று நிபந்தனைகள். பிள்ளை மடித்த கொக்கை யாரும் விலைக்கு விற்கக் கூடாது. யார் அதிகம் மடித்தார்கள் என்று எண்ணிப் பரிசு கொடுக்கக் கூடாது. எண்ணிக்கை இந்த ஊர் விரல்களைப் போதுமான அளவு வதைத்துவிட்டது. கதை முடிந்ததும், ‘இதனால் அறியப்படும் நீதி யாதெனில்’ என்று யாரும் எழுந்து நிற்கக் கூடாது. கைக்குக் கூலி இல்லாத வேலையும், காதுக்குப் புத்திமதி இல்லாத சொல்லும் வேண்டும். குழந்தைப் பருவம் என்பது அதுதான்.

வெம்பக்கோட்டையில் வைப்பாற்றங்கரை மேட்டைத் தொல்லியல் துறை 2022 முதல் அகழ்ந்தபோது, சங்கு வளையல், கண்ணாடி மணி, சூதுபவளம் இவற்றோடு வட்டச்சில்லும் ஆட்டக்காயும் கிடைத்தன. கடலோரத்துச் சங்கும் வெகு தூரத்துக் கல்லும் இந்த ஊருக்கு அந்தக் காலத்திலேயே வந்திருக்கின்றன. வந்ததை வாங்கி அணிந்தவர்கள் வீட்டில் பிள்ளைகள் சில்லு விளையாடியும் இருக்கிறார்கள். பண்டத்துக்கும் விளையாட்டுக்கும் இடம் வைத்திருந்த ஊர் இது. குட்டி ஜப்பான் என்ற பட்டம் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முயலும் கொக்கும் உரஷிமாவும் இந்தப் பிள்ளைகளிடம் வந்து சேருகிற வரையில், அந்தப் பட்டத்தை மேடையில் உரக்கச் சொல்லாதீர்கள்.